வீட்டு வாசலில் ருமியானா டீச்சர்

எங்கள் ஊர்க்காரர்கள் எதைப் படிப்பார்கள், எதைப் படிக்க மாட்டார்கள் என்று இப்போது யார் கேட்டாலும் நான் சொல்லிவிடுவேன். ருமியானா டீச்சர் எங்கள் அச்சகத்துக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த அன்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதுதான் கூத்து.

நான் வெனெத்தா. டான்யூப் கரையில் லோம் என்கிற ஊரில், கிரில் அண்ணனின் அச்சகத்தில் வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். வடிவமைப்பு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கல்யாண அழைப்பிதழ், ஒயின் புட்டிக்கு லேபிள், பல் டாக்டர் கதவுக்குப் பலகை. இவற்றையெல்லாம் கூட்டினாலும் மரண அறிவிப்புகளுக்கு ஈடாகாது. ஒரு தாள், கறுப்பு பார்டர், மேலே புகைப்படம், நடுவில் பெரிய எழுத்தில் பெயர், கீழே நாலு வரி. ஆள் போன அன்று ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று, ஆறு மாதத்தில் ஒன்று, பிறகு வருடா வருடம். அடுக்குமாடி வாசல் கதவிலும் பேருந்து நிறுத்தத்திலும் மரத்திலும் அவை தொங்கும். இங்கே பிறக்கிறவர்களைவிடப் போகிறவர்கள் அதிகம். அந்தப் புண்ணியத்தில்தான் கிரில் அண்ணன் வீட்டில் அடுப்பு எரிகிறது, என் வீட்டிலும்.

ருமியானா டீச்சர் ஏழாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை. பாடம் கணக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசினாலும் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல். ஊரில் பாதிப் பேருக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர், எனக்கும்தான், பலன் பூஜ்யம். பள்ளியிலிருந்து வீட்டுக்கு எந்தச் சேதியும் போய்ச் சேருவதில்லை என்றார். செல்போனில் வருகிற பள்ளிச் செயலியை யாரும் திறப்பதில்லை, பையில் வைத்து அனுப்பும் காகிதம் பையிலேயே மக்குகிறது. ஏதோ பயிற்சி வகுப்பில் ஒரு தகவல்படம் பார்த்தாராம். குட்டியாக ஒரு பள்ளிக்கூடம், குட்டியாக ஒரு வீடு, நடுவில் அம்புக்குறிகள். எதற்கு யாரைக் கேட்பது, எப்போது வருவது எல்லாம் ஒரே பார்வையில் புரிந்ததாம். அதேபோல ஒன்று வேண்டும், திங்கட்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு முன்னால் ஊரெல்லாம் தெரிய வேண்டும்.

எனக்கு ஒரே சந்தோஷம். யாரும் சாகாமல் ஒரு வேலை வந்திருக்கிறதே.

இரண்டாவது காபிக்குப் பிறகுதான் உண்மையான விஷயம் வெளியே வந்தது. டீச்சர் குரலைத் தாழ்த்தினார், அதாவது நடு பெஞ்சுவரை.

"எனக்கு ஊரே வர வேணாம் வெனெத்தா. ஒருத்தன் வந்தாப் போதும்."

அந்த ஒருத்தன் ஆசென். ஆற்றில் மணல் அள்ளும் படகில் வேலை செய்கிறவன். மனைவி இத்தாலியில் யாரோ ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்கிறாள். மூத்த மகன் படிப்பை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டான். வீட்டில் இருப்பது ஆசெனும் மகள் கலினாவும் மட்டும். இந்தக் கலினா கணக்கில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்திருக்கிறாள். மாவட்டத் தலைநகரில் இருக்கும் கணிதப் பள்ளியில், விடுதியோடு, அவளுக்கு இடம் காத்திருக்கிறது. அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை கூட்டம், செவ்வாய்க்கிழமை கடைசி நாள். கையெழுத்து விழாவிட்டால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும், கலினாவுக்கு உள்ளூரில் மிஞ்சுகிற ஏதாவது ஒன்று.

அந்தப் பெண்ணே வீட்டில் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். சொல்ல மாட்டாளாம். போக ஆசை நிறைய. ஆனால் உங்களைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. டீச்சர் போன் பண்ணினால் ஆசென் எடுப்பதில்லை. வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினார். உள்ளே விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை.

"ஏன் டீச்சர், உங்க மேல என்ன கோவம் அவருக்கு?" என்றேன். டீச்சர் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியவில்லை என்றார். எனக்கு அந்தக் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கு ஒரு வியாதி உண்டு, ஏன் என்று ஒன்று தோன்றிவிட்டால் சோறு இறங்காது.

முதல் படத்தை ஆசை ஆசையாகப் போட்டேன். இடது பக்கம் பள்ளி, வலது பக்கம் வீடு. மதிப்பெண்ணுக்கு ஒரு நிற அம்பு, விடுப்புக்கு ஒரு நிறம், காய்ச்சலுக்கு, சண்டைக்கு, சுற்றுலாவுக்கு எல்லாம் தனித்தனி. அம்புகள் ஒன்றையொன்று தாண்டி, சுற்றி, வளைந்து போயின. கிரில் அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு இது எந்த ஊருக்குப் போகும் பஸ் தடம் என்று கேட்டார். முனையில் பனித்சா என்கிற பாலாடைக்கட்டிப் பலகாரம் விற்கிற கடைக்கார அம்மாவிடம் காட்டினேன். அவள் தாளை இப்படியும் அப்படியும் திருப்பி விலை எங்கே போட்டிருக்கிறது என்று தேடினாள்.

கோபம் கோபமாக வந்தது. அப்புறம் கோபம் போய், இந்த ஜனங்கள் எதையாவது படிக்கிறார்களா என்று பார்க்கத் தோன்றியது. மதிய உணவு நேரத்தில் கிளம்பிப் போய் வேடிக்கை பார்த்தேன். சூப்பர் மார்க்கெட் துண்டுப் பிரசுரத்தில் இறைச்சி விலை மட்டும் படிக்கப்படுகிறது. நகராட்சி அறிவிப்பை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பேருந்தில் என் பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் போனில் பள்ளிச் செயலியின் சின்னம் மின்னியது. அவள் அதைத் திறக்காமல் பைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்து மூடினாள். ஏன் என்று கேட்டுவிட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நல்ல சேதியாக இருந்தால் பிள்ளையே ஓடி வந்து சொல்லியிருக்குமே என்றாள். அதோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் எங்கள் குடியிருப்பின் வாசலில்தான் விடை கிடைத்தது. மூன்றாம் மாடிக்காரர் இரண்டு கையிலும் சாமான் பைகளோடு வந்தார். மனிதர் மின்கட்டண ரசீதைக்கூட மனைவியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்பவர். கதவில் ஒட்டியிருந்த மரண அறிவிப்பைப் பார்த்ததும் நின்றார். பைகளைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். பெயர், வயது, எந்தத் தேவாலயம், எத்தனை மணி என்று ஒரு எழுத்து விடாமல் படித்தார். படித்து முடித்துப் பக்கத்திலிருந்த பழைய தாளையும் படித்தார், அந்த ஆள் போய்ப் பல வருடமாகிறது. அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் பைகளைத் தூக்கிக்கொண்டு படியேறினார்.

நான் அங்கேயே நின்று சிரித்தேன். இந்த ஊர் படிக்கிற ஒரே ஒரு பொருளை இத்தனை வருடமாக நானே செய்துகொண்டிருக்கிறேன், எனக்கே உறைக்கவில்லை.

மறுநாள் பழைய படத்தைத் தூக்கிப் போட்டேன். ஒரு தாள். மேலே டீச்சரின் புகைப்படம், கீழே பெரிதாகப் பெயர், நாலே வரி. பள்ளியும் வீடும் அடியில் சின்னதாக, நடுவில் போக ஒரு அம்பு, வர ஒரு அம்பு. சுற்றிலும் ஒரு பார்டர், வீடு வாடகைக்கு, முயல் விற்பனைக்கு என்கிற மற்ற காகிதங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடக் கூடாதே. பார்டரின் நிறத்துக்குத்தான் யோசித்தேன். கறுப்பு கூடாது. நீலம் சின்ன வயதில் போனவர்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு. ஆரஞ்சு யாருக்கும் இல்லை. ஆரஞ்சில் இதுவரை யாரும் செத்ததில்லை என்று கிரில் அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன்.

டீச்சர் கொடுத்த புகைப்படம் கழுத்துப் பட்டன்வரை போட்டு நேராகப் பார்க்கிற அடையாள அட்டைப் படம். சிரிக்கிற மாதிரி ஒன்று கேட்டேன். அப்படி ஒன்று தன்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் நான் விதீனில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினேன். அச்சடிப்பது கிரில் அண்ணன் பொறுப்பு. வழக்கமாக ஒட்டுகிற ஆளிடமே கொடுங்கள், வழக்கமான இடத்தில், வழக்கமான உயரத்தில் ஒட்டச் சொல்லுங்கள் என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனேன். நானாகவே சொன்னேன், வேறு யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை தங்கை போனை வைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். அவளும் லோமில் படித்தவள்தான். ருமியானா டீச்சர் போய்விட்டாராம், திங்கட்கிழமை ஐந்து மணிக்குப் பள்ளியிலிருந்து எடுக்கிறார்களாம் என்றாள். நேற்று முன்தினம்தான் என் எதிரில் உட்கார்ந்து காபி குடித்தார். சமையலறை முக்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அந்தப் பெண் கலினாவின் கதி என்ன என்றும் நினைத்து அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் ஊர் வந்து சேர்ந்தேன். வாசல் கதவில் டீச்சர் இருந்தார். கழுத்துப் பட்டன்வரை போட்டு, நேராகப் பார்த்தபடி, கறுப்பு பார்டருக்குள். பையைக் கீழே வைத்தேன். அழுதுகொண்டே படித்தேன். உங்கள் பிள்ளைகளின் ருமியானா டீச்சர். உங்களுக்காகக் காத்திருக்கிறார். திங்கட்கிழமை, மாலை ஐந்து மணி, பள்ளி. யார் எழுதினார்களோ நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்றுகூட நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசி வரிக்கு வந்தபோதுதான், அடியில் ஒரு குட்டிப் பள்ளியும் குட்டி வீடும், நடுவில் என் இரண்டு அம்புகளும் கண்ணில் பட்டன.

ஓடினேன். கிரில் அண்ணன் வீட்டுத் தோட்டத்தில் தக்காளிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஆரஞ்சு எங்க?"

"கலர் மெஷின் மக்கர் பண்ணிருச்சு. கறுப்புல ஓட்டிட்டேன். பார்டர் பார்டர்தானேம்மா."

பத்துப் பாட்டம் திட்டினேன். மனிதர் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். இதுவரை அடித்ததிலேயே இதுதான் சுத்தமாக விழுந்த பிரதி என்று கடைசியில் முணுமுணுத்தார். டீச்சருக்குப் போன் அடித்தேன். வார இறுதியில் அவர் கிராமத்துத் தோட்டத்துக்குப் போய்விடுவார், அங்கே சிக்னல் கிடையாது. திங்கள் சாயங்காலம்தான் நேரே பள்ளிக்கு வருவார். சரி, தாள்களையாவது கிழித்துவிடலாம் என்று பக்கத்துத் தெருவில் ஆரம்பித்தேன். இரண்டாவது கதவிலேயே ஒருவர் என் கையைப் பிடித்துவிட்டார். செத்தவங்க தாளைக் கிழிக்கிறாயே, உனக்கு வெட்கமில்லையா என்று தெருவே கேட்க ஏசினார். அவர் சாகவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். என்னைப் பார்த்த பார்வையில் துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று அவர் முடிவு செய்துவிட்டது தெரிந்தது. தாளைக் கிழிக்க எங்கள் ஊரில் யாருக்கும் கை வராது, மழைதான் கிழிக்க வேண்டும்.

திங்கட்கிழமை நாலரை மணிக்கே பள்ளி முற்றம் நிறைந்துவிட்டது. பெற்றோர் கூட்டம் என்றால் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம், இங்கே மரத்தடியில்கூட இடமில்லை. கறுப்புச் சட்டைகள், கறுப்பு ஸ்கார்ஃப்கள், கையில் பூக்கள், இரண்டு, நான்கு, ஆறு என்று இரட்டைப்படையில். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படை, போனவர்களுக்கு இரட்டைப்படை. நான் படியில் ஏறி நின்று இது ஒரு தவறு, டீச்சர் நன்றாக இருக்கிறார் என்று கத்தினேன். முன்வரிசையில் இரண்டு பேர் என்னை அணைத்துத் தேற்றினார்கள்.

கூட்டத்தின் ஓரத்தில் ஆசென் நின்றான். சவரம் செய்து, கோட்டுப் போட்டு, இரண்டு வெள்ளைக் கார்னேஷன்களைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. உயிரோடு வந்து கதவைத் தட்டியபோது திறக்காதவன். பக்கத்தில் போய், நீங்கள் எப்படி வந்தீர்கள் என்று கேட்டேவிட்டேன். செத்த வீட்டுக்குப் போகாமல் இருப்பார்களா என்று திருப்பிக் கேட்டான்.

அப்போதுதான் வாயில் பக்கமிருந்து ருமியானா டீச்சர் வந்தார். கிராமத்துப் பேருந்திலிருந்து நேரே வருகிறார், ஒரு கையில் கீரைக்கட்டு, ஒரு கையில் ஸ்ட்ராபெர்ரி வாளி. எல்லாரும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பள்ளிக் கதவைப் பார்த்து நின்றார்கள். அவர் கடைசியில் நின்றவர்களுக்குப் பின்னால் வந்து நின்று, துக்கமான குரலில் மெதுவாகக் கேட்டார், அதாவது முற்றம் முழுக்கக் கேட்கும்படி.

"யாரு போயிட்டாங்க?"

எல்லாரும் திரும்பினார்கள். சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கசாப்புக் கடைக்காரர் நேர்மையான மனிதர், "நீங்கதான் டீச்சர்" என்றார்.

அவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. மரத்தில் ஒட்டியிருந்த தன் முகத்தைப் பார்த்தார், படித்தார், என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் பக்கத்தில் நின்ற கிரில் அண்ணன் பின்னால் ஒதுங்கினேன். யாரோ சிரித்தார்கள், உடனே நிறைய பேர் சிரித்தார்கள், ஒரு அம்மா மட்டும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தேன் என்று சண்டைக்கு வந்தாள். இன்னொருத்தி அவசரமாகத் தன் பூங்கொத்திலிருந்து ஒன்றை உருவி முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். டீச்சர் வாளியைக் கீழே வைத்தார். வந்தவர்கள் யாரும் போகக் கூடாது, அவரவர் பிள்ளையின் வகுப்புக்குப் போய் உட்காருங்கள் என்றார். இத்தனை வருடப் பழக்கம், எல்லாரும் நடந்தார்கள்.

டீச்சரைப் பார்த்ததும் ஆசெனின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். அடுத்த நொடி அது மூடிக்கொண்டது. வாயிலை நோக்கித் திரும்பினான். டீச்சர் அவனுக்கு முன்னால் போய் நின்றார்.

"ஆசென், நில்லுப்பா. கலினா விஷயமாப் பேசணும்."

அவன் பூக்களைப் பார்த்தபடி கேட்டான். "என்ன பண்ணா?"

"கணக்குல மாவட்டத்துலயே முதல்ல வந்திருக்கா."

"சரி."

அவன் காத்திருந்தான். டீச்சரும் காத்திருந்தார். அவன் எதற்குக் காத்திருக்கிறான் என்று எனக்கு முதலில் புரியவில்லை.

"சரி, அப்புறம் என்ன பண்ணா, சொல்லுங்க," என்றான்.

"அப்புறம் ஒண்ணும் இல்ல ஆசென். அவ்வளவுதான்." கணிதப் பள்ளியையும் விடுதியையும் நாளையோடு முடிகிற கெடுவையும் அவர் விளக்கினார். கலினா ஏன் வீட்டில் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொன்னார். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். நடுவில் ஒருமுறை கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்தான்.

"இதச் சொல்லவா கூப்பிட்டுட்டே இருந்தீங்க?"

"இதுக்குத்தான்."

"எம் பையனுக்கு நீங்கதானே டீச்சர்," என்றான் ஆசென். குரலில் கோபம் இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "கூட்டத்துக்கு வருவேன். அவன் டெஸ்க்ல உக்காருவேன், முட்டி இடிக்கும். நீங்க பேர் பேராப் படிப்பீங்க. எம் பையன் பேர் வந்ததும் எல்லாரும் திரும்பி என்னப் பாப்பாங்க. ஒவ்வொரு தடவையும். அப்புறம் நான் வரல."

டீச்சர் எதையும் மறுக்கவில்லை. மதிப்பெண்ணையும் குறைகளையும் எல்லார் முன்னாலும் அப்படிப் படிப்பதுதான் எங்கள் வழக்கம், எனக்காக என் அம்மாவும் அப்படி உட்கார்ந்திருக்கிறாள், யாருக்கும் அது தவறாகப் பட்டதில்லை. பெரிய குரல்காரர், முதல் முறையாக மெதுவாகப் பேசினார்.

"ஆமாப்பா. படிச்சேன்."

"இன்னைக்கும் படிங்க," என்றான் அவன். "இதையும் எல்லார் முன்னாடியும் படிங்க. கேட்டுட்டுக் கையெழுத்துப் போடறேன்."

ஏழாம் வகுப்பில் ஒரு இருக்கைகூடக் காலியில்லை. பெரிய பெரிய மனிதர்கள் சின்ன டெஸ்குகளில் மடங்கி உட்கார்ந்திருந்தார்கள், மடியில் பூக்கள். நான் கதவோரம் நின்றேன். ஆசென் மகளின் இடத்தை விசாரித்துப் போய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான். டீச்சர் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்று, கையில் எந்தக் காகிதமும் இல்லாமல், கலினாவின் முழுப் பெயரை அந்தப் பழைய குரலில், கடைசி பெஞ்சுவரை, தெருவரை கேட்கும்படி சொன்னார். பிறகு கணக்கு என்றார். மாவட்டத்தில் முதலிடம் என்றார்.

எல்லாரும் திரும்பி ஆசெனைப் பார்த்தார்கள். அவன் முட்டி இடிக்க, டெஸ்க் கிறீச்சிட, எழுந்து நின்றான், பெயர் கூப்பிட்டதும் பிள்ளைகள் எழுந்து நிற்பார்களே, அப்படி. டீச்சர் உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை.

"இன்னொரு தடவ, டீச்சர்," என்றான்.